மனச்சோர்வு நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் மூளையையும் முன்கூட்டியே மூப்படையச் செய்கிறதா?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 54 வயது. 26 வயதில் முதன்முறையாக மனச்சோர்வு வந்தது. பிறகு 41 வயதில் ஒருமுறையும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறையும் வந்தது. மூன்றாவது முறைதான் மிகக் கடுமையாக இருந்தது. எட்டு மாதங்கள் வேலைக்குச் செல்ல முடியவில்லை. அன்று தொடங்கிய மாத்திரையும் மனநல ஆலோசனையும் இன்றும் தொடர்கின்றன. இப்போது பெருமளவு தேறியிருக்கிறேன்.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. சாதாரணச் சளிகூட முன்பு நான்கைந்து நாட்களில் விட்டுவிடும். இப்போது மூன்று வாரம் இழுக்கிறது. அத்துடன், பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தவர்களின் பெயர் நினைவுக்கு வராமல் நின்றுவிடுகிறது. போன வாரம் என்னுடன் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் எதிரில் நிற்கிறார். அவர் வீட்டுத் திருமணத்திற்குப் போனதும், அவர் கையெழுத்தும்கூட நினைவில் இருக்கின்றன, பெயர் மட்டும் வரவில்லை. என் அம்மா மறதி நோயால் அவதிப்பட்டு 79 வயதில் மறைந்தார். அதனால் இதை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

மனச்சோர்வு மூளையைப் பத்து ஆண்டுகள் முதுமையாக்கிவிடும் என்று ஓரிடத்தில் படித்தேன். இது உண்மையா? உண்மையானால், எந்த அளவுக்கு? நோய் எதிர்ப்பு மண்டலத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு? எனக்கு ஆறுதல் சொல்வதைவிட, தெரிந்ததை உள்ளபடி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி (மறுமொழி)

வணக்கம், வைகறை. நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மூளையைப் பற்றி வேறு யாரேனும் சொல்லட்டும். நீங்கள் கேட்டதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மனச்சோர்வே இல்லாதவருக்கும் வயது ஏற ஏற நோய் எதிர்ப்பு மண்டலம் மாறத்தான் செய்யும். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் முதிர்ச்சியடைகின்றன. அந்தச் சுரப்பி இளமையிலிருந்தே மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுகிறது. ஆகவே புதிய கிருமியை முதன்முறை சந்திக்கத் தயாராக இருக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. பழைய சண்டைகளில் பலமுறை பெருகிக் களைத்துப்போன செல்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. களைத்தவை சும்மாவும் இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சிறிது சிறிதாக வெளியிட்டபடியே இருக்கின்றன. முதுமையில் காணும் இந்தத் தணியாத மெல்லிய அழற்சிக்கு இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் தனிப்பெயரே சூட்டினார். கிருமியை எதிர்க்கும் திறன் குறைவதும், தேவையற்ற அழற்சி கூடுவதும் ஒன்றாகவே நடக்கின்றன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் ஏறக்குறைய இதே சித்திரம் வயதுக்கு முன்பே தென்படுகிறது. இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. ஆகிய அழற்சிக் குறியீடுகள் அவர்களுடைய இரத்தத்தில் கூடுதலாக உள்ளன. ‘ஒரு பகுதியினர்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர்கள் மனச்சோர்வு நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். ஆகவே மனச்சோர்வு என்றாலே அழற்சி என்று எண்ணிவிடக் கூடாது.

எது காரணம், எது விளைவு என்ற கேள்வி அடுத்து வரும். இரண்டு திசையிலும் சான்று இருக்கிறது. கல்லீரல் அழற்சி-சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசி கொடுத்துவந்தார்கள். அது நோய் எதிர்ப்பு மண்டலத்தை முடுக்கிவிடும் மருந்து. அதுவரை மனம் நலமாக இருந்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிகிச்சையின்போது முழு அளவிலான மனச்சோர்வு வந்தது. அழற்சியிலிருந்து மனச்சோர்வு பிறக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. மறுபக்கம், நீண்ட மனஅழுத்தத்தால் கார்ட்டிசால் ஹார்மோன் ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால், அழற்சியை அடக்கும் அதன் ஆணைக்கு வெள்ளை அணுக்கள் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. சதா சத்தம் போடும் மேற்பார்வையாளரை யாரும் பொருட்படுத்தாததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டிசாலும் மிகுதி, அழற்சியும் மிகுதி என்ற முரணான நிலை இப்படித்தான் உண்டாகிறது.

டெலோமியர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குரோமோசோம்களின் நுனியில் உள்ள காப்புறைகள் அவை. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் சற்றே தேய்கின்றன. நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,400 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுடைய வெள்ளை அணுக்களில் டெலோமியர்கள் குட்டையாக இருந்தன. முன்பு மனச்சோர்வு இருந்து தேறியவர்களிடமும் அவ்வாறே இருந்தன. அதே குழுவினரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது ஒன்று தெளிவாயிற்று: அவர்களுடைய டெலோமியர்கள் தொடக்கத்தில் குட்டையாக இருந்தது உண்மை, ஆனால் மற்றவர்களைவிட வேகமாகத் தேயவில்லை. முதல் செய்தியைச் சொல்பவர்கள் இந்த இரண்டாம் செய்தியைச் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பயந்து கிடப்பவருக்கு அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டாம் செய்திதான்.

உங்கள் சளி மூன்று வாரம் நீடிப்பதற்கு ஒவ்வாமை, புகை, நுரையீரல் கோளாறு, உறக்கக் குறைவு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அதை மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிட்டுப் பரிசோதிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தூவானம் (மறுமொழி)

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். மறதி நோய் கண்ட என் கணவரை ஆறு ஆண்டுகள் வீட்டிலேயே கவனித்துக்கொண்டவள். நெடுவழி ஐயா எழுதியதைப் படித்ததும் என் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில், இரவு பதினொரு மணிக்கு அவருக்குப் பழம் நறுக்கும்போது அந்த விரலில் கத்தி பட்டது. ஆழமான வெட்டு அன்று, தையல்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய காயம் ஒரு மாதம் கடந்தும் ஓரத்தில் பிளந்தே இருந்தது. சர்க்கரை நோய் இருக்குமோ என்று பரிசோதித்தார்கள், இல்லை. மருத்துவர் சோதனைத் தாளை மடித்து வைத்துவிட்டு, “நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது எனக்கிருந்தது மனச்சோர்வு என்பதே அந்த நாற்காலியில் அமர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பிற்பாடு அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேரையும், அதே வயதுள்ள மற்றப் பெண்கள் 13 பேரையும் தேர்ந்து, ஒவ்வொருவர் தோலிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் செய்து, அது ஆறும் நாட்களை அமெரிக்காவில் எண்ணியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்கள் ஆயின. பராமரிப்பாளர்களுக்கு 48 நாட்களுக்கும் மேல். 1995-இல் வெளிவந்த ஆய்வு அது. சிறிய ஆய்வுதான், நெருக்கடியைப் பற்றியதே தவிர மனச்சோர்வை மட்டும் பற்றியதும் அன்று. ஆனால் நான் சோம்பலாலோ அலட்சியத்தாலோ காயத்தை ஆறவிடாமல் வைத்திருக்கவில்லை என்று அன்றுதான் என் மனம் ஒப்புக்கொண்டது.

நீங்களும் உங்கள் அம்மாவைப் பராமரித்தவரா, வைகறை? பராமரித்தவர் என்றால், உங்கள் மூன்றாம் மனச்சோர்வின் பின்னணியில் அந்த ஆண்டுகளும் இருக்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருதம் (மறுமொழி)

மனநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். முதியோர் பிரிவில்தான் பெரும்பகுதி நேரம். மூளையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் நிலையைப் பற்றி முடிவு சொல்ல மாட்டேன்; பொதுவாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பத்து ஆண்டுகள் என்ற கணக்கு மிகையானது. பல நாடுகளில் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, மூளையின் வடிவத்தைப் பார்த்தே வயதைக் கணிக்கும்படி கணினியைப் பயிற்றுவித்த ஆய்வொன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழ 7,000 பேர் இடம்பெற்றார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளை, உண்மையான வயதைவிடச் சராசரியாக ஓராண்டு அளவுக்கே கூடுதலாகத் தோன்றியது. அந்தக் கணிப்பு முறையே தனி மனிதர் ஒருவரைப் பொறுத்தவரை பல ஆண்டுகள் பிசகக்கூடியது. ஆகவே ஒருவருடைய படத்தை வைத்துக்கொண்டு ‘உங்கள் மூளைக்கு இத்தனை வயது’ என்று சொல்வது பொருளற்றது.

நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பற்றியும் இதே போன்ற கூட்டாய்வு 2016-இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோயாளிகள் 1,728 பேரையும், நோயற்றவர்கள் 7,199 பேரையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளுடைய ஹிப்போகாம்பஸ் சராசரியாக 1.24 விழுக்காடு சிறியதாக இருந்தது. இளம் வயதிலேயே நோய் தொடங்கியவர்களிடமும், திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும்தான் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. நீங்கள் உள்ளபடி சொல்லச் சொன்னீர்கள். மூன்று முறை வந்த உங்களுக்கு இது தொடர்புடைய செய்திதான். அதே சமயம் அந்த அளவு எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். இரு குழுவினரின் படங்களையும் கலந்து வைத்துவிட்டால், எது யாருடையது என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுருங்குவது என்றதும் செல்கள் மடிந்துபோவதாகவே பலரும் நினைக்கிறார்கள். எலிகளிடம் கண்டது வேறு. நீண்ட மனஅழுத்தத்தில் ஹிப்போகாம்பஸின் நரம்புச் செல்கள் தங்கள் கிளைகளை உள்ளிழுத்துக்கொள்கின்றன; நெருக்கடி நீங்கியதும் கிளைகள் மீண்டும் நீள்கின்றன. மனிதர்களிடம் இதைச் செல் அளவில் பார்க்க வழியில்லை, ஆனாலும் மின்னதிர்வுச் சிகிச்சைக்குப் பின் ஹிப்போகாம்பஸின் கனஅளவு கூடுவதைப் படங்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

மறதி நோயைப் பற்றிய உங்கள் அச்சத்திற்கு வருகிறேன். மனச்சோர்வு, மறதி நோய்க்கான மாற்றத்தக்க 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டிருக்கிறது. ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நடுவயதில் இருந்த மனச்சோர்வுக்கும் பின்னாளைய மறதி நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. மறதி நோய் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் மனச்சோர்வு அறிகுறிகள் படிப்படியாகக் கூடத் தொடங்கின. அதாவது, முதிய வயதில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு, பலருக்கு மறதி நோய்க்குக் காரணமாக அன்றி, மூளையில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாற்றத்தின் முதல் அறிகுறியாகவே இருக்கலாம். 26 வயதில் தொடங்கிய உங்கள் நோயை அதனுடன் சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை.

பெயர் மறப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் அறைக்கு வருபவர்களில், மறதியைப் பற்றித் தேதியோடும் இடத்தோடும் தாமே விவரிப்பவர்கள் ஒரு வகை. மறதியே இல்லை என்று நோயாளி சொல்ல, உடன் வந்த மகளோ மனைவியோ பின்னால் நின்று தலையசைத்து மறுப்பது இன்னொரு வகை. இரண்டாம் வகையைப் பார்க்கும்போதுதான் என் கவலை கூடுகிறது. எதிரில் நின்றவருடைய கையெழுத்து வரை நினைவில் வைத்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதை வைத்தே பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். தைராய்டு, பி-12 வைட்டமின், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மூன்றும் சரிசெய்யக்கூடியவை.

வைகறை (மறுமொழி)

மூவருக்கும் நன்றி. தூவானம் அம்மா கேட்டது சரிதான். கடைசி மூன்று ஆண்டுகள் அம்மாவுடன் நான்தான் இருந்தேன். இதை என் மருத்துவரிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. அது நோயாளியின் வரலாற்றில் சேர வேண்டிய செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. டெலோமியர் அளவைப் பரிசோதித்துச் சொல்வதாக விளம்பரங்கள் வருகின்றன, செய்துகொள்ளலாமா? இரண்டாவது, மனச்சோர்வு மாத்திரைகளே மறதியைத் தரும் என்கிறார்களே, அது உண்மையா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. கூடிப்போன மூப்பு குறையுமா?

நெடுவழி (மறுமொழி)

டெலோமியர் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஒரே வயதுடைய நலமானவர்களுக்குள்ளேயே அந்த அளவு பெரிதும் வேறுபடுகிறது. குட்டை என்று முடிவு வந்தாலும் அதை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. கவலை மட்டும் கூடும்.

மூன்றாவது கேள்விக்கு நம்பிக்கை தரும் சான்று இருக்கிறது. டி.என்.ஏ.வின் மீது படியும் வேதிக்குறிகளைக் கொண்டு உயிரியல் வயதை மதிப்பிடும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் விரிவாக உருவாக்கினார். அத்தகைய முறைகளால் அளந்தபோது, அவசர இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை, பேறுகாலம், கடுமையான கோவிட் போன்ற நெருக்கடிகளில் உயிரியல் வயது கூடி, தேறிய பின் மீண்டும் இறங்கியதாக 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அது மனச்சோர்வைப் பற்றிய ஆய்வு அன்று. ஆனால் இந்த அளவுகள் ஏறிய இடத்திலேயே நின்றுவிடுபவை அல்ல என்பது அதிலிருந்து விளங்குகிறது.

நோய் எதிர்ப்பிலும் ஒரு செய்தி உண்டு. அக்கி அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்களில், சிகிச்சை பெறாத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்த வைரஸுக்கு எதிரான செல் எதிர்ப்பு குறைவாகவே உருவானது. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு, மனச்சோர்வு அறிகுறிகள் முழுதும் தீராதபோதும், அது ஏறக்குறைய இயல்பான அளவில் இருந்தது. நீங்கள் இப்போது சிகிச்சையில் இருப்பதால், வயதுக்குரிய தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்க இது நல்ல தருணம்.

மருதம் (மறுமொழி)

மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு, எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தே பதில் அமையும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள், நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கின்றன. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் அதனுடைய வெளி அடையாளங்கள். முதியவர்களுக்கு அவற்றை முடிந்தவரை தவிர்க்கிறோம். இன்று பரவலாகத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தன்மை குறைவு. உங்கள் சீட்டில் உள்ள பெயரை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மூன்று முறை வந்த ஒருவருக்கு நான்காம் முறை வராமல் காப்பதுதான் மூளைக்குச் செய்யும் பெரிய உதவி என்பது என் கருத்து.

உடற்பயிற்சியை அறிவுரையாகச் சொன்னால் மனச்சோர்வு உள்ளவருக்கு அது குற்றவுணர்வாகவே போய்ச் சேரும் என்பதை அறிந்தே சொல்கிறேன். முதியவர்கள் 120 பேரை இரு குழுவாகப் பிரித்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் வேகநடை நடந்தவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு வளர்ந்தது. தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே குறைந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். இரத்த அழுத்தத்தையும் காது கேட்கும் திறனையும் இந்த ஆண்டே பரிசோதித்துவிடுங்கள். அம்மாவுக்கு மறதி நோய் இருந்த ஒருவருக்கு அவை இரண்டும் சிறு விஷயங்கள் அல்ல.

வைகறை (மறுமொழி)

மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் குறிப்பிட்ட பழைய வகை இல்லை. ஆனாலும் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். மருத்துவருக்காக ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்: மூன்று முறையும் நோய் தொடங்கிய ஆண்டுகள், அம்மாவுடன் இருந்த மூன்று ஆண்டுகள், சளி நீடித்த மாதங்கள், பெயர் மறந்த நாட்களும் அந்த நாட்களுக்கு முந்தைய இரவின் உறக்க நேரமும். எழுதி முடித்தபின் பார்த்தால், பெயர் மறந்த ஐந்து நாட்களில் நான்கில் முந்தைய இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கியிருக்கிறேன். என் குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். அக்காவையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன். பின்னால் நின்று தலையசைக்காமல், என் பக்கத்திலேயே அமர்ந்து அவர் கண்டதைச் சொல்லட்டும்.